தொப்பியும் தலைப்பாகையும்

(பங்கின் பொன்விழாவை ஒட்டி மத்தூரில் நடைபெற்ற கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

மேலை நாடுகளும் இஸ்லாமிய உலகமும் ஒன்றையொன்று எவ்வாறு பார்த்து வந்திருக்கின்றன என்பதைப் பற்றிப் பேசும்படி விழாக்குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். தலைப்பைக் கேட்டவுடன் உங்களில் பலர் ஜெருசலேமையும் சிலுவைப் போர்களையும் நினைத்திருப்பீர்கள். இளைஞர்கள் 2001ஆம் ஆண்டு நியூயார்க்கில் இடிந்து விழுந்த கோபுரங்களை நினைத்திருப்பீர்கள். அவ்வளவு தொலைவு போக வேண்டிய தேவை நமக்கு இல்லை. மத்தூரிலிருந்து பேருந்து ஏறிக் கிருஷ்ணகிரிக்குப் போய், அங்கே ஊருக்கு மேலே நிற்கும் அந்த மலைக்கோட்டையை அண்ணாந்து பார்த்தால் போதும். இந்த வழக்கு நம் மண்ணிலேயே நடந்த வழக்கு. அதில் நம்மைப் போன்ற கத்தோலிக்கர்களும் நடுவில் அகப்பட்டுக்கொண்டு துன்பப்பட்டார்கள். ஆகவே அதைப் பற்றிப் பேச நமக்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.

முதலில் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். 'தொப்பி போட்டவர்' என்றால் இன்று நமக்கு யார் நினைவுக்கு வருகிறார்? வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசலிலிருந்து வெளியே வரும் பாய். ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதே தமிழ்நாட்டில் 'தொப்பிக்காரர்' என்றால் ஐரோப்பியர் என்றே பொருள். முஸ்லிம்களும் இந்துக்களும் தலைப்பாகை கட்டினார்கள். வெள்ளைக்காரர் தொப்பி அணிந்தார்கள். தலையில் இருப்பதைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டுகொண்டார்கள். அதோடு நின்றிருந்தால் தொல்லை இல்லை. தலையில் இருப்பதைப் பார்த்து, தலைக்குள் இருப்பதையும் முடிவு செய்தார்கள். அதனால் வந்த வினைகளைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நம் நாக்கு இந்த வேற்றுமை பார்ப்பதே இல்லை. தாசில்தார், ஜமாபந்தி, வசூல், பாக்கி, ரசீது, வக்கீல், ஜாமீன், ராஜினாமா எல்லாம் அரபு, பாரசீக மொழிகளிலிருந்து சுல்தான்கள், நவாபுகளின் ஆட்சி வழியாக வந்த சொற்கள். மேசை, சாவி, அலமாரி, ஜன்னல், பீப்பாய், பாதிரி எல்லாம் போர்த்துக்கேயர் கொண்டுவந்து இறக்கிய சொற்கள். பாக்கி ரசீதை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை மேசைமேல் வைக்கிறோம். இந்த ஒரு வாக்கியத்துக்குள் எத்தனை கடல்கள் வந்து கலந்திருக்கின்றன பாருங்கள்!

இனி நம் மண்ணின் கதைக்கு வருவோம். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் அடங்கிய இந்தப் பகுதிக்குப் பாராமகால் என்று பெயர். ஹைதர் அலி காலத்தில் இது மைசூர் ஆட்சிக்குள் வந்தது. அவருக்குப் பின் அவர் மகன் திப்பு சுல்தான் ஆண்டார். 1791ஆம் ஆண்டு நவம்பரில் மாக்ஸ்வெல் என்னும் ஆங்கிலத் தளபதி கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கினார். கீழே இருந்த பேட்டையைப் பிடிக்க முடிந்ததே தவிர, மேல் கோட்டையில் ஏற முடியவில்லை. பின் எப்படி அது ஆங்கிலேயர் கைக்குப் போனது? எழுத்தால் போனது. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் திப்பு தம் நாட்டில் ஏறக்குறைய பாதியையும், 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்க இணங்கினார். பாராமகால் கும்பினிக்குப் போயிற்று. ஆனால் ஓசூர் சுல்தானிடமே இருந்தது. ஆகவே 1792 முதல் 1799 வரை ஏழு ஆண்டுகள், இன்று நாம் ஒன்றரை மணி நேரத்தில் கடந்துபோகும் கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே, ஐரோப்பியக் கும்பினிக்கும் இஸ்லாமிய சுல்தானுக்கும் எல்லைக்கோடு ஓடியது. ராயக்கோட்டையில் ஆங்கிலப் படை காவல் இருந்தது. இன்றைக்கு நுழைவு வரி, எல்லைச் சோதனை என்று நாம் முணுமுணுப்பதெல்லாம் அதற்குமுன் எம்மாத்திரம்!

அந்த எல்லைக்கோட்டின் இருபுறத்திலும் யார் யார் நின்றார்கள் என்று சற்று உற்றுப் பார்க்க வேண்டும். ஒருபுறம் கிறிஸ்தவர், மறுபுறம் முஸ்லிம் என்றுதானே நினைக்கிறோம்? 1799ஆம் ஆண்டு மார்ச் முதல் வாரத்தில் தளபதி ஹாரிசின் பெரும்படை வேலூரிலிருந்து புறப்பட்டு, ஆம்பூர்ப் பக்கமாக வந்து, ராயக்கோட்டையைத் தாண்டி மைசூர் எல்லைக்குள் நுழைந்தது. அந்தப் படையில் ஐதராபாத் நிஜாமின் படைகளும் சேர்ந்து நடந்தன. நிஜாம் முஸ்லிம் மன்னர். அந்தப் பிரிவோடு சேர்த்து அனுப்பப்பட்ட ஆங்கிலப் படைக்குத் தலைமை தாங்கியவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பதினாறு ஆண்டுகள் கழித்து வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற அதே மனிதர், அதற்கு முன் நம் ராயக்கோட்டைப் புழுதியை மிதித்துப் போயிருக்கிறார். ஆற்காட்டு நவாபும் முஸ்லிம்தான்; அவர் குடும்பம் நெடுங்காலம் ஆங்கிலேயருக்குத் துணை. திப்புவின் பக்கமோ, அவருடைய கருவூலத்தையும் நிர்வாகத்தையும் கவனித்தவர் பூர்ணய்யா என்னும் பிராமணர். படையில் பிரெஞ்சுக்காரர்கள், அவர்களில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் எத்தனையோ பேர். இதில் எங்கே இருக்கிறது மேற்கு? எங்கே இருக்கிறது இஸ்லாம்?

இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. திப்பு 1780களின் நடுவிலேயே துருக்கி சுல்தானுக்குத் தூதுக்குழு அனுப்பினார். இஸ்லாமிய உலகின் பெரிய அரசர் தமக்குத் துணை நிற்பார் என்பது எண்ணம். மரியாதை கிடைத்தது, படை கிடைக்கவில்லை. ஏனெனில் ரஷ்யாவின் பகையைச் சமாளிக்கத் துருக்கிக்கு ஆங்கிலேயரின் நட்பு வேண்டியிருந்தது. 1798இல் நெப்போலியன் எகிப்துக்குள் புகுந்தபோது, துருக்கி சுல்தான் மூன்றாம் செலிம் திப்புவுக்கு ஒரு கடிதம் எழுதினார். பிரெஞ்சுக்காரரை நம்பாதீர், ஆங்கிலேயரோடு சமாதானமாகப் போங்கள் என்பது அதன் சாரம். அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் யார் தெரியுமா? ஆங்கிலேயர்களே! ஒரு முஸ்லிம் சுல்தான் இன்னொரு முஸ்லிம் சுல்தானுக்கு எழுதிய கடிதத்தைக் கிறிஸ்தவக் கும்பினி தபால்காரராக நின்று கொடுத்தது. திப்பு மரியாதையாகப் பதில் எழுதினார், போக்கை மாற்றிக்கொள்ளவில்லை. 1799 மே 4ஆம் நாள் கோட்டை வாயிலில் போரிட்டு மாண்டார்.

களத்தில் நிலைமை இவ்வளவு சிக்கலாக இருந்தாலும், மனத்தில் எழுதிக்கொண்ட சித்திரங்கள் மிக எளிமையாக இருந்தன. அந்தச் சித்திரங்கள்தாம் போர் முடிந்த பிறகும் அழியாமல் நின்றன.

ஆங்கிலேயரின் சித்திரத்தைப் பாருங்கள். ஹைதர் காலத்திலும் திப்பு காலத்திலும் நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சிப்பாய்கள் மைசூரில் சிறைப்பட்டிருந்தார்கள். அவர்களில் இளைஞர் சிலருக்கு வலுக்கட்டாயமாக விருத்தசேதனம் செய்து, படையில் சேர்த்தார்கள். தப்பிவந்த பிரிஸ்டோ, ஸ்கரி போன்றோர் தங்கள் துன்பங்களைப் புத்தகமாக எழுதினார்கள். அவை பொய்யென்று நான் சொல்லமாட்டேன். அந்த வேதனை உண்மையானது. ஆனால் லண்டனில் அவற்றைப் படித்தவர்கள் ஒரு செய்தியை எளிதில் மறந்தார்கள். ஸ்கரி என்ற பையனைக் கடலில் பிடித்து, 1782இல் கடலூரில் ஹைதரிடம் ஒப்படைத்தது யார்? பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேன். கிறிஸ்தவர்களே கிறிஸ்தவர்களை ஒப்படைத்தார்கள்.

1792இல் திப்புவின் இரண்டு மகன்கள், சிறு பாலகர்கள், உடன்படிக்கைக்குப் பிணையாக ஆங்கிலேயரிடம் அனுப்பப்பட்டார்கள். காரன்வாலிஸ் பிரபு அவர்களைக் கைபிடித்து வரவேற்கும் காட்சியை ஓவியர்கள் போட்டி போட்டுக்கொண்டு வரைந்தார்கள்; அச்சுப்படங்களாக அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. கொடிய தந்தையிடமிருந்து வந்த குழந்தைகளைக் கருணையோடு அணைக்கும் இன்னொரு தந்தை என்பது அதன் கருத்து. தகப்பனிடமிருந்து பிள்ளைகளைப் பணத்துக்கு ஈடாக வாங்கி வைத்துக்கொண்டவரைக் கருணை வள்ளலாக வரைவதற்கு உண்மையிலேயே கைத்திறமை வேண்டும்! 1811இல் கர்க்பாட்ரிக் என்பவர் திப்புவின் கடிதங்கள் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து ஆங்கிலத்தில் வெளியிட்டார். சுல்தான் கொடியவர், மதவெறியர் என்பது இக்கடிதங்களில் தெரியும் என்று அவர் முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். என்ன கிடைக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்துவிட்டுத் தேடுகிறவருக்கு அது கிடைக்காமல் போகுமா?

ஆனால் படையோடு நடந்து நாட்டைக் கண்ணால் பார்த்த ஆங்கிலேயர் சிலர் வேறு விதமாக எழுதியிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மூர் என்னும் படையதிகாரி 1794இல் வெளியிட்ட நூலில், நன்றாக உழுது பயிரிட்ட வயல்களையும், புதிதாக எழும்பும் ஊர்களையும், பெருகிவரும் வாணிகத்தையும் கண்டதாகவும், இந்த ஆட்சி குடிகளுக்கு ஒத்துவந்த ஆட்சியாகவே இருக்க வேண்டும் என்றும் எழுதினார். நம் பாராமகாலில் 1792 முதல் ஏழு ஆண்டுகள் நிலவரி ஏற்பாடு செய்த தாமஸ் மன்றோவும் திப்புவின் அரசை உறுதியான, ஒழுங்கான அரசு என்றே மதிப்பிட்டார். அதனாலேயே அது அஞ்சத்தக்கது என்றும் கருதினார். எதிரியை அருகில் பார்த்தவன் அஞ்சினான், மதித்தான்; தொலைவிலிருந்து படம் பார்த்தவன் வெறுத்தான்.

சுல்தானின் பக்கத்துச் சித்திரமும் குறைந்ததல்ல. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் சுற்றுலா போனவர்கள் தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரைப் பார்த்திருப்பீர்கள். 1780ஆம் ஆண்டு காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் நடந்த போர் அங்கே தீட்டப்பட்டிருக்கிறது. ஆங்கிலத் தளபதி பெய்லி பல்லக்கில் ஒடுங்கி உட்கார்ந்து விரலைக் கடிக்கிறார். சிவப்புச் சட்டைக்காரர்கள் எல்லோரும் ஒரே முகமாக, மீசை தாடி இல்லாமல் நிற்கிறார்கள். அடுத்தது மரப்புலி. ஒரு வெள்ளைக்காரனைக் கீழே தள்ளிக் கழுத்தைக் கவ்வும் புலி; கைப்பிடியைச் சுழற்றினால் புலி உறுமும், மனிதன் முனகுவான். 1799இல் அரண்மனையில் கிடைத்த அதை லண்டனுக்குக் கொண்டுபோய், 1808 முதல் கும்பினி அலுவலகத்தில் மக்கள் பார்க்க வைத்தார்கள். இப்போது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆங்கிலேயனை இழிவுபடுத்தச் செய்த பொம்மை, சுல்தானின் குரூரத்துக்குச் சாட்சியாக ஆங்கிலேயர் கையிலேயே மாறிப்போயிற்று. திப்பு தம் கனவுகளைத் தம் கைப்படப் பாரசீகத்தில் எழுதி வைத்திருந்தார், 37 கனவுகள். அவற்றிலும் 'நசாரா' வருகிறார்கள். நசரேயர், அதாவது கிறிஸ்தவர்! ஆங்கிலேயரைக் குறிக்கவும் அவர் பயன்படுத்திய சொல் மதத்தைக் குறிக்கும் சொல். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆனால் அதே திப்பு ஐரோப்பியக் கைத்தொழிலை எவ்வளவு ஆசையோடு பார்த்தார்! 1788இல் அவருடைய தூதர் மூவர் பாரிசுக்குப் போய், ஆகஸ்ட் 10ஆம் நாள் வெர்சாயில் பதினாறாம் லூயி மன்னரைக் கண்டார்கள். படை உதவி கேட்டதோடு, கைவினைஞர்கள், தோட்டக்காரர்கள், விதைகள் என்றும் கேட்டார்கள். அவர்களுடைய தலைப்பாகையையும் அங்கியையும் பார்க்கப் பாரிசில் கூட்டம் கூடியது. தூதர் தர்வேஷ் கானை விஜே லெ ப்ரன் என்னும் புகழ்பெற்ற பெண் ஓவியர் வரைந்தார். அரசர் கேட்டுக்கொண்டால்தான் உட்காருவேன் என்றாராம் அவர். மறு ஆண்டே பிரான்சில் புரட்சி வெடித்தது. இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனதும் உண்டு: மைசூர்ப் படையின் இரும்புக்குழாய் வாணங்களை ஆங்கிலேயர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் ஆராய்ந்தார்கள், காங்கிரீவ் அவற்றைத் திருத்திச் செய்த வாணங்கள் 1807இல் கோபன்ஹேகன் நகரத்தின்மேல் விழுந்தன. இன்று ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பட்டுப்புழு வளர்த்துக் கூடு விற்கும் நம் விவசாயிகள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். மைசூர் நாட்டில் அந்தத் தொழிலை ஊன்றியவர் திப்பு. அதற்காக வங்காளத்திலிருந்து புழுக்களை வரவழைத்தார்.

இனி, நம்மைத் தொடும் பகுதிக்கு வருகிறேன்.

ஹைதர் அலி எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் மனிதரை எடைபோடத் தெரிந்தவர். 1779இல் சென்னை அரசாங்கம் அவரோடு பேச ஆள் அனுப்ப விரும்பியது. ஆங்கிலேயரில் யாரையும் நம்பாத ஹைதர், தஞ்சைப் பகுதியில் இருந்த சுவார்ட்ஸ் பாதிரியாரை அனுப்பினால் பேசுகிறேன், அவர் என்னை ஏமாற்றமாட்டார் என்றாராம். சுவார்ட்ஸ் நம் கத்தோலிக்கத் திருச்சபையினர் அல்லர், ஜெர்மனியிலிருந்து வந்த லுத்தரன் சபையினர். தமிழும் பாரசீகமும் அறிந்தவர். ஸ்ரீரங்கப்பட்டணம் போனார், அரண்மனையில் ஹைதரோடு அமர்ந்து பேசினார். மறு ஆண்டே போர் மூண்டுவிட்டது, தூது பலிக்கவில்லை. ஆனாலும் அந்தப் போரின் நடுவிலும், இந்தப் பாதிரியாரைத் தடை செய்யாமல் போகவர விடுங்கள் என்று ஹைதர் தம் அதிகாரிகளுக்கு ஆணையிட்டிருந்தார். 'நசாரா' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு மனிதரைத் தனியாகப் பார்க்க அவருக்கு முடிந்தது.

அவர் மகனுக்கு அது எப்போதும் முடியவில்லை. 1783இல் ஆங்கிலத் தளபதி மேத்யூஸ் மங்களூரைப் பிடித்தார். அப்போது அந்தப் பகுதிக் கத்தோலிக்கர்கள் அவருக்குப் பணமும் உதவியும் கொடுத்தார்கள் என்று குற்றம் சாட்டப்பட்டது. சிலர் கொடுத்திருக்கலாம். ஆனால் தண்டனை சிலருக்கு வரவில்லை. 1784ஆம் ஆண்டு தபசுகாலத் தொடக்கத்தில், சாம்பல் புதன் அன்று என்பது அவர்களுடைய மரபு, கன்னடக் கடற்கரைக் கத்தோலிக்கரை ஊர் ஊராகச் சுற்றி வளைத்துப் பிடித்தார்கள். பெண்கள், கிழவர், கைக்குழந்தைகள் எல்லோரையும் மலைத்தொடர் ஏற்றி ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடத்திச் சென்றார்கள். எத்தனை பேர் என்பதில் ஒருமித்த கணக்கு இல்லை. அபே துபுவா அடிகளார் 60,000 என்று எழுதினார், வேறு சிலர் 30,000 என்கிறார்கள். வழியில் மாண்டவர் பலர். இளைஞர்களைப் பிரித்து, மதம் மாற்றிப் படையில் சேர்த்தார்கள். ஆலயங்கள் இடிக்கப்பட்டன. மூடபித்ரிக்கு அருகே ஓஸ்பேட் ஆலயம் மட்டும் தப்பியது. அவ்வூர் சௌட அரசர் குறுக்கிட்டுக் கேட்டுக்கொண்டதால் தப்பியது. அவர் கிறிஸ்தவரும் அல்லர், முஸ்லிமும் அல்லர், சமணர்.

இது நடந்தது. இதை மூடி மறைத்துவிட்டு, திப்பு எல்லா மதத்தையும் சமமாக நடத்தினார் என்று சொல்கிறவர்கள் பாதியைச் சொல்கிறார்கள். 1791இல் மராத்தியக் கொள்ளைப்படை சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது அதைச் சீர்செய்யத் திப்பு பணம் அனுப்பினார் என்பதும் நடந்தது. அந்தக் கடிதங்கள் 1916இல் வெளிப்பட்டன. இதை மறைத்து அவரை அரக்கன் என்கிறவர்களும் பாதியைத்தான் சொல்கிறார்கள். பிரெஞ்சுக் கத்தோலிக்கர் அவர் படையில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தபோதே, மங்களூர்க் கத்தோலிக்கர் சிறையில் இருந்தார்கள். ஆகவே அவர் கோபம் சிலுவையின் மீது மட்டும் வந்ததன்று. ஆங்கிலேயனின் வேதம் இவனுடைய வேதம், ஆகவே இவன் ஆங்கிலேயனின் ஆள் என்று அவர் கணக்குப் போட்டார். கொங்கணி பேசி, நெல் விளைவித்து, தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் வாழ்ந்தவனைக் கடலுக்கு அப்பாலிருந்து வந்தவனோடு சேர்த்து எழுதிவிட்டார். மங்களூர்க் கத்தோலிக்கர் அனுபவித்த பதினைந்து ஆண்டுச் சிறை இந்த ஒரு கணக்குப் பிழையால் வந்தது.

இந்தப் பிழையை முஸ்லிம் மன்னர் ஒருவர்தான் செய்தாரா? ஏழு ஆண்டுகளில் ஆங்கிலேயர் அதையே வேறு முகத்தோடு செய்தார்கள். நமக்குப் பக்கத்து வேலூரில் செய்தார்கள்.

திப்பு இறந்தபின் அவர் பிள்ளைகளையும் குடும்பத்தையும் வேலூர்க் கோட்டையில் வைத்திருந்தார்கள். அதே கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள், இந்துக்களும் முஸ்லிம்களுமாக, கும்பினிக்குச் சேவகம் செய்தார்கள். 1805 நவம்பரில் தலைமைத் தளபதி கிராடக் ஒரு புதிய ஒழுங்குமுறை கொண்டுவந்தார். அணிவகுப்பில் நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், புதுவிதத் தலைப்பாகை அணிய வேண்டும். அந்தத் தலைப்பாகையில் தோலால் செய்த ஒரு குஞ்சம். பார்ப்பதற்கு அது தொப்பி போலவே இருந்தது! தொப்பி போட்டவன் தொப்பிக்காரன், தொப்பிக்காரன் கிறிஸ்தவன். ஆகவே நம்மை எல்லோரையும் கிறிஸ்தவராக்கப் போகிறார்கள் என்று சிப்பாய்கள் முடிவு செய்தார்கள். தோல் எந்த மிருகத்தின் தோலோ என்ற அச்சம் வேறு. உண்மையில் கிராடக்குக்கு வேதம் போதிக்கும் எண்ணமே இல்லை. வரிசை அழகாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் கவலை. அவருடைய கண்ணுக்கு அது ஒரு தலையுடை. அணிய மறுத்தவர்களில் ஒரு முஸ்லிமுக்கும் ஓர் இந்துவுக்கும் கசையடி கொடுத்துப் படையிலிருந்து நீக்கினார்கள்.

1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. உறங்கிக்கொண்டிருந்த ஆங்கிலச் சிப்பாய்களும் அதிகாரிகளுமாக நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். திப்புவின் புலிக்கொடி கோட்டைமேல் ஏறியது. சில மணி நேரத்தில் ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையை மீட்டார். அதன்பின் கொல்லப்பட்ட சிப்பாய்களின் எண்ணிக்கை பல நூறு.

பிறகு விசாரணை வந்தது. காரணம் என்ன? உடை ஒழுங்குதான் என்றார்கள் ஒரு சாரார். இல்லை, இது முஸ்லிம்களின் சதி, திப்புவின் பிள்ளைகளின் சூழ்ச்சி என்றார்கள் இன்னொரு சாரார். பாதிரிமார் பிரசங்கம்தான் காரணம் என்றவர்களும் உண்டு. ஊரார் மதத்தில் கைவைத்தால் கும்பினி வியாபாரம் கெடும் என்பது அவர்கள் கவலை. ஆளுநர் பென்டிங்கும் கிராடக்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். சுல்தானின் குடும்பம் முழுவதையும் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அவருடைய கடைசி மகன்களில் ஒருவரான குலாம் முகமது 1842இல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் திப்பு சுல்தான் மசூதி என்ற பெயரோடு நகரின் நடுவே நிற்கிறது.

மங்களூரையும் வேலூரையும் நான் ஒன்றாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் வீடுகளில் மங்களூர் மட்டும் சொல்லப்படுகிறது. பாய் வீடுகளில் வேலூரும் ஸ்ரீரங்கப்பட்டணமும் மட்டும் சொல்லப்படுகின்றன. பிள்ளைகள் பாதிக் கதையோடு வளர்ந்து ஓசூர்த் தொழிற்சாலையில் ஒரே இயந்திரத்தின் இருபுறமும் நின்று வேலை செய்கிறார்கள். எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் 2015 முதல் அரசு திப்பு ஜெயந்தி கொண்டாடியது. அந்த ஆண்டே குடகில் கலவரம் மூண்டு உயிர்ச்சேதம் ஆயிற்று. 2019இல் அரசு விழா நிறுத்தப்பட்டது. கொண்டாடு என்றவர்களுக்கும் கூடாது என்றவர்களுக்கும் இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய சித்திரங்களே ஆயுதம். பள்ளியில் வரலாறு நடத்திய காலத்தில் மாணவர்கள் என்னிடம் ஆண்டுதோறும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "சார், திப்பு நல்லவரா கெட்டவரா?" தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு இரண்டையும் எழுதச் சொல்வேன். அவர்களுக்கு அது பிடிக்காது.

கிறிஸ்தவன் என்றால் வெள்ளைக்காரனின் ஆள் என்ற பேச்சை நாம் இன்றும் கேட்கிறோம். கேட்கும்போது நெஞ்சு எரிகிறது அல்லவா? நம் பாட்டன் பூட்டன் இந்தக் கேழ்வரகுக் கொல்லையில் உழைத்தவர்கள், எங்களுக்கு எந்தச் சீமை என்று கேட்கத் தோன்றுகிறது. சரி. எங்கோ அரபு நாட்டில் குண்டு வெடித்தால், கிருஷ்ணகிரிச் சந்தையில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் பாயை நாம் எப்படிப் பார்க்கிறோம்? அவருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறோமா? வீடு வாடகைக்குக் கேட்டு வரும் முஸ்லிம் குடும்பத்துக்கு நம் பங்கில் எத்தனை பேர் கதவைத் திறப்போம்? இதை நான் உங்களைக் குற்றம் சாட்டச் சொல்லவில்லை. பங்குப்பேரவை பேச வேண்டிய விஷயம் என்பதால் சொல்கிறேன்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் வெளியிட்ட அறிக்கையில், திருச்சபை முஸ்லிம்களை மதிப்போடு நோக்குகிறது என்றும், பல நூற்றாண்டுப் பகைகளை மறந்து இருதரப்பும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள உழைக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. மறக்கச் சொன்னது பகையை. நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடும்படி சங்கம் சொன்னதாக நான் படிக்கவில்லை.

கடைசியாக, சிறையிலிருந்து மீண்டவர்களைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். 1799இல் கோட்டை விழுந்ததும் மங்களூர்க் கத்தோலிக்கரில் பிழைத்திருந்தோர் விடுதலையானார்கள். பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். மதம் மாற்றப்பட்டவர்கள், ஊரில் எவரும் இல்லாதவர்கள் சிலர் மைசூர் நாட்டிலேயே தங்கினார்கள். அவர்களைத் திரட்டி மீண்டும் பங்குகளாக அமைக்க வந்தவர் அபே துபுவா என்னும் பிரெஞ்சுக் குரு. பிரெஞ்சுக்காரர், ஆனால் பிரான்சில் நடந்த புரட்சிக்குத் தப்பி வந்தவர். ஆங்கிலேயரோடு நட்பாக இருந்தவர். தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலைப்பாகை கட்டி, நீண்ட அங்கி உடுத்தி, நம்மவர் உணவை உண்டு வாழ்ந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் சமாதியிருக்கும் கஞ்சம் பகுதியில், சிறைமீண்ட கிறிஸ்தவர்களுக்காக ஆலயம் எழுப்பினார். அம்மை நோய் பரவியபோது 1803, 1804ஆம் ஆண்டுகளில் அம்மைக்குத்தும் வேலையில் இறங்கினார். 25,000க்கு மேற்பட்டோருக்குக் குத்தியதாகக் கணக்கு இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த மருந்து, தலைப்பாகை கட்டிய பாதிரியார், கையை நீட்டியவர்கள் எல்லா மதத்தாரும். 1823இல் அவர் பாரிசுக்குத் திரும்பி, அங்கே 1848இல் இறந்தார்.

அவர் கட்டிய ஆலயத்தைப் பார்க்க விரும்புவோர் இளைஞர் குழுவினரிடம் பெயர் கொடுத்தால், அடுத்த விடுமுறையில் ஒரு வண்டி ஏற்பாடு செய்யலாம் என்று பங்குத்தந்தை சொல்லியிருக்கிறார். தரியா தௌலத் சுவரையும் அதே நாளில் பார்த்துவிடலாம். மேற்குச் சுவர், மறந்துவிடாதீர்கள்.